சராசரி 4 ரூபாய் 47 காசுதானே என்று கேட்கும் மில் முதலாளிக்கு

கேள்வி: திண்டுக்கல் பக்கம் எங்களுக்கு ஒரு நூற்பாலை. அப்பா ஆரம்பித்தது, இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். மூன்று ஷிப்டும் ஓடும், சராசரியாக 1,500 கிலோவாட் இழுக்கும். ஈபியில் 2,000 கேவிஏ டிமாண்ட், அதாவது ஒரே நேரத்தில் இழுக்க அனுமதி உள்ள உச்ச அளவு, வைத்திருக்கிறோம். பாதிக் கரண்ட் ஒரு குரூப் கேப்டிவ் காற்றாலையில் (பயன்படுத்துபவர்களே சேர்ந்து பங்கு வைத்திருக்கும் காற்றாலை) இருந்து வருகிறது, அந்த ஒப்பந்தம் வரும் மார்ச்சோடு முடிகிறது. ஒரு புரோக்கர் வந்து, அதைப் புதுப்பிக்காதீர்கள், மொத்தத்தையும் எக்ஸ்சேஞ்சில், அதாவது மின்சாரத்தை ஏலம் கேட்டு வாங்கும் சந்தையில், வாங்கலாம், 2024-25 சராசரி யூனிட்டுக்கு 4.47 ரூபாய்தான், எல்லாச் செலவும் போக யூனிட்டுக்கு 50 காசு மிச்சமாகும், ஈபி டிமாண்டையும் 300 கேவிஏவாகக் குறைத்துவிடலாம் என்கிறார். விலைக்கு 10 ரூபாய் உச்சவரம்பு இருப்பதால் பயமே வேண்டாம் என்கிறார். அப்பா ஒத்துக்கொள்ள மறுக்கிறார். வெயில், மழை எல்லாம் முன்போல் இல்லை என்று படிக்கிறேன். அதை இந்தக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது? என்ன செய்யலாம்?

பதில்:

வணக்கம். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். எக்ஸ்சேஞ்சில் வாங்குவது தப்பில்லை, கொஞ்சம் வாங்குங்கள். ஆனால் மொத்தக் கரண்டையும் அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள். ஈபி டிமாண்டை 300க்கு இறக்கும் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். இந்த விஷயத்தில் நான் உங்கள் அப்பா பக்கம்.

புரோக்கர் சொன்ன 4.47 பொய்யில்லை. இந்தியன் எனர்ஜி எக்ஸ்சேஞ்சின் மறுநாள் சந்தையில் 2024-25 சராசரி அதுதான், அதற்கு முந்தைய வருஷம் 5.24. எண் சரி. அதை வைத்து உங்கள் மில்லுக்குப் போட்ட கணக்குதான் சரியில்லை.

அந்தச் சந்தை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் பார்ப்போம். நாளைக்கு வேண்டிய கரண்டுக்கு இன்று காலையிலேயே விலை கேட்க வேண்டும். நாளையப் பொழுதை 15 நிமிஷத் துண்டுகளாக, மொத்தம் 96 துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தனி விலை வைக்கிறார்கள். ஒரு துண்டின் தேவையை நிரப்பக் கடைசியாகக் கூப்பிட வேண்டிய மின் நிலையம் என்ன விலை கேட்கிறதோ, அதுதான் அந்தத் துண்டில் எல்லாருக்கும் விலை. மலிவான நிலையங்கள் தீர்ந்து, அடுத்து விலை கூடிய நிலையத்தைத் தொட வேண்டி வந்தால், அந்தக் கடைசிச் சொட்டுக்காக மொத்தச் சரக்குக்கும் விலை ஏறிவிடும். அதனால்தான் தேவை ஐந்து சதவீதம் கூடினால் விலையும் ஐந்து சதவீதம் கூடி நிற்பதில்லை, சமயத்தில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு தாவுகிறது.

ஏப்ரல், மே மாசத்தில் ஒரு சூடான நாளின் விலையை எடுத்துப் பாருங்கள். நண்பகலில் சோலார் கொட்டுகிறது, விலை 2, 3 ரூபாய்க்கு இறங்கிவிடும். சாயங்காலம் ஆறரைக்குச் சூரியன் போனதும் ஏறத் தொடங்கி, ஏழு எட்டு மணிக்கு 10 ரூபாயில் போய் நிற்கும். முன்பெல்லாம் இரவு பத்துக்கு மேல் தேவை தணிந்துவிடும், இப்போது ராத்திரியும் புழுக்கம் குறையாமல் வீட்டுக்கு வீடு ஏசி ஓடுவதால் நள்ளிரவு வரைக்கும் இறங்க மறுக்கிறது. இந்த இரண்டையும் கூட்டி வகுத்துத்தான் ஐந்து, ஆறு என்று ஒரு சராசரி வருகிறது. உங்களுடையது ராத்திரி பகல் ஓடும் மில். நண்பகல் விலை உங்களுக்கு லாபம்தான், ஆனால் சாயங்கால விலையைக் கொடுக்காமல் நீங்கள் தப்ப முடியாது.

இது ஒரு நாள் கதை. வருஷத்துக்கு வருஷம் வரும் ஏற்றத்தாழ்வு இதைவிடப் பெரியது, உங்கள் கேள்வியின் கனமான பகுதியும் அதுதான். உங்கள் ஊர்ப்பக்கம் நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பனி விழுந்து மல்லிகை வரத்து சுருங்கும் அதே வாரத்தில் தை முகூர்த்தமும் வந்துவிட்டால் விலை எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்குப் பூ வாங்கியே ஆக வேண்டியவரிடம் போய் வருஷ சராசரியைச் சொல்லி என்ன பிரயோஜனம்? கரண்ட் சந்தையில் வெயிலும் மழையும் செய்வது இதைத்தான். தேவையைக் கூட்டும் அதே வானிலை, பல சமயம் வரத்தையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறது.

2022 மார்ச்சில் இது நடந்தது. 1901இலிருந்து வானிலைத் துறை வைத்திருக்கும் கணக்கில், நாடு முழுமைக்குமான சராசரி உச்ச வெப்பம் அவ்வளவு ஏறிய மார்ச் மாசம் அதற்கு முன் இல்லை. ஏப்ரல் கடைசியில் வர வேண்டிய தேவை மார்ச்சிலேயே வந்து நின்றது. மின் நிலையங்களில் நிலக்கரிக் கையிருப்பு ஏற்கெனவே மெலிந்திருந்தது. அதற்கும் ஒரு மழைக்கதை உண்டு: 2021 செப்டம்பரில் சுரங்கப் பகுதிகளில் பெய்த பெருமழையில் வெட்டுவதும் ஏற்றுவதும் தடைபட்டு, அக்டோபரில் சராசரி கையிருப்பு நாலு நாள் அளவுக்கு வந்துவிட்டது. இதில் உக்ரைன் போரால் இறக்குமதி நிலக்கரி விலை எகிற, அதை நம்பியிருந்த கடலோர நிலையங்களில் பல ஓடவில்லை. ஏப்ரல் 29ஆம் தேதி நாட்டின் தேவை 207 ஜிகாவாட்டைத் தொட்டது (ஒரு ஜிகாவாட் என்றால் பத்து லட்சம் கிலோவாட்). நிலக்கரி வண்டிகளுக்கு வழிவிடப் பயணிகள் ரயில்களை ரத்து செய்தார்கள்.

விலை என்ன ஆனது என்றால், மார்ச்சில் பல துண்டுகள் 20 ரூபாய்க்குப் போயின, அன்றைய உச்சவரம்பு அது. அந்த மாசச் சராசரி 8 ரூபாயைத் தாண்டியது. ஏப்ரல் தொடக்கத்தில் மத்திய மின் ஒழுங்குமுறை ஆணையம் வரம்பை 12க்கு இறக்கியது, அதற்குப் பிறகும் ஏப்ரல் சராசரி 10 ரூபாய் அளவில் நின்றது. இப்போதுள்ள 10 ரூபாய் வரம்பு வந்தது 2023 ஏப்ரலில்.

இதை உங்கள் மில்லுக்குப் போட்டுப் பார்ப்போம். 1,500 கிலோவாட் என்றால் ஒரு நாளைக்கு 36,000 யூனிட். வருஷம் 350 நாள் ஓடினால் 1 கோடியே 26 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு 50 காசு மிச்சம் என்றால் வருஷத்துக்கு 63 லட்சம் ரூபாய். சின்னத் தொகை இல்லை, உங்களுக்கு ஆசை வருவதும் நியாயம்தான். இப்போது 2022 மார்ச் போல ஒரு மாசத்தை வைத்துக்கொள்ளுங்கள். 8 ரூபாய்க்கும் 4.47க்கும் இடைவெளி 3.53. 31 நாளைக்குக் கூடுதல் செலவு 39 லட்சத்துக்கு மேல். அடுத்த ஏப்ரலில் 10 ரூபாய் என்றால் இடைவெளி 5.53, 30 நாளைக்குக் கிட்டத்தட்ட 60 லட்சம். இரண்டே மாசத்தில் ஒரு கோடியை நெருங்கிவிட்டது, ஒன்றரை வருஷ மிச்சம் போனது. அதுவும் நூல் விலை உங்கள் கையில் இல்லாத தொழிலில். கரண்ட் ஏறிவிட்டது என்று திருப்பூரில் யாரும் உங்களுக்குக் கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூட்டித் தரப்போவதில்லை.

இப்போது வரம்பு 10 ரூபாய், அதனால் அவ்வளவு போகாது என்று புரோக்கர் சொல்வார். விலை போகாது, உண்மை. ஆனால் கேட்ட கரண்ட் கிடைக்குமா என்று அவரிடம் கேளுங்கள். விலை வரம்பில் போய் முட்டி நிற்கிறது என்றாலே, வாங்கக் கேட்பவர்கள் விற்பவர்களைவிட அதிகம் என்று அர்த்தம். அப்போது இருக்கும் சரக்கைக் கேட்டவர்களுக்குள் விகிதப்படி பங்கு போடுவார்கள். நீங்கள் 1,500 கேட்டால் 700 வரலாம், 500 வரலாம். மீதியை எங்கே எடுப்பீர்கள்? டிமாண்ட் 2,000 இருந்தால் ஈபியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், அந்த மாசம் பில் கூடும், மில் ஓடும். 300 கேவிஏதான் இருக்கிறது என்றால், அதற்கு மேல் இழுத்த அத்தனைக்கும் அபராதம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் பாதி மில்லை நிறுத்த வேண்டும். நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரம் ஒன்று நின்று மறுபடி ஓடும்போது எத்தனை கதிரில் நூல் அறுந்து கிடக்கும், ஒவ்வொன்றையும் ஒட்டி எடுத்து ஓட்டம் சீராவதற்குள் எவ்வளவு கழிவு போகும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். 2015 வரைக்கும் தமிழ்நாட்டு ஆலைகள் பீக் அவர் வெட்டை, அதாவது தேவை உச்சத்தில் இருக்கும் மணிகளில் ஆலைகளுக்குக் கரண்டைக் குறைப்பதை, வருஷக்கணக்கில் அனுபவித்தவை. உங்கள் அப்பா வேண்டாம் என்பது அந்த நாட்களைப் பார்த்ததால்தான் என்று நினைக்கிறேன்.

ஆகவே ஈபிக்குக் கட்டும் டிமாண்ட் சார்ஜைத் தண்டச் செலவாகப் பார்க்காதீர்கள், அது உங்கள் காப்பீட்டு பிரீமியம். உண்மையிலேயே தேவைக்கு மேல் டிமாண்ட் வைத்திருக்கிறீர்களா என்று ஒரு வருஷப் பதிவைப் பார்த்து 2,000 என்பதை 1,800 ஆக்க முடிந்தால் ஆக்குங்கள், அது வேறு விஷயம்.

வெயில் என்றால் மார்ச் முதல் மே வரைதானே, அதை மட்டும் சமாளித்துவிட்டால் போதாதா என்று உங்களுக்குத் தோன்றலாம். 2023 ஆகஸ்டைப் பாருங்கள். பருவமழைக் காலம், தேவையும் விலையும் தணிய வேண்டிய மாசம். 1901க்குப் பிறகு அவ்வளவு மழை குறைந்த ஆகஸ்ட் இல்லை, வழக்கத்தைவிட 36 சதவீதம் குறைவு. மழை இல்லை என்றதும் வயலில் மோட்டார் ஓடியது, வீட்டில் ஏசி ஓடியது, அணைகளில் தண்ணீர் இல்லாமல் நீர்மின்சாரம் குறைந்தது. செப்டம்பர் முதல் தேதியே தேவை 240 ஜிகாவாட் அளவுக்குப் போனது. ஆகஸ்ட் சராசரி விலை 7 ரூபாயை நெருங்கியது, சாயங்காலங்களில் 10 ரூபாய். கோடைக்கு மட்டும் தயாராக இருந்தவர்கள் அந்த மாசம் மாட்டிக்கொண்டார்கள்.

அதே வருஷம் கேரளத்தில் நடந்ததை உங்கள் அப்பாவுக்கும் படித்துக் காட்டுங்கள், ஏனென்றால் நீங்கள் நிற்கும் இடத்தில்தான் அவர்களும் நின்றார்கள். கேரள மின்வாரியத்துக்கு 465 மெகாவாட்டுக்கு நீண்டகால ஒப்பந்தங்கள் இருந்தன, யூனிட் நாலேகால் ரூபாய் அளவில். டெண்டர் நடைமுறையில் குறை இருக்கிறது என்று மாநில மின் ஒழுங்குமுறை ஆணையம் 2023 மே மாசம் அவற்றுக்கு ஒப்புதல் மறுத்தது. நடைமுறைக் குறை உண்மையாகவே இருந்திருக்கலாம், அதற்குள் நான் போகவில்லை. ஆனால் ஒப்பந்தம் போன கையோடு பருவமழையும் பொய்த்தது. அணைகளை நம்பியிருக்கும் மாநிலம், இடுக்கியில் தண்ணீர் இல்லை, நிலையான விலைக்கு வந்துகொண்டிருந்த கரண்டும் இல்லை. சந்தையில் கேட்ட விலைக்கு வாங்கினார்கள். டிசம்பரில் ஆணையமே ஒப்பந்தங்களை மறுபடி உயிர்ப்பித்தது, ஆனால் பழைய விலைக்குத் தர அந்தக் கம்பெனிகள் சம்மதிக்கவில்லை. விட்ட ஒப்பந்தம் வேண்டும்போது அதே விலைக்குத் திரும்ப வராது. உங்கள் காற்றாலை ஒப்பந்தத்துக்கும் இது பொருந்தும்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் உங்களைப் பயமுறுத்துவதாக ஆகிவிடும். 2024 மே 30 அன்று நாட்டின் தேவை 250 ஜிகாவாட், அதுவரை காணாத உச்சம். தமிழ்நாட்டிலும் அதே மே 2ஆம் தேதி 20,830 மெகாவாட் தொட்டது. வெயிலும் கடுமை. ஆனாலும் அந்த வருஷச் சராசரிதான் உங்கள் புரோக்கர் காட்டும் 4.47. ஏன் என்றால் அந்த முறை நிலக்கரி நிறைய இருந்தது, இறக்குமதி நிலக்கரி நிலையங்களை அரசு உத்தரவு போட்டு ஓட வைத்திருந்தது, சோலாரும் கூடியிருந்தது. 2025இல் இன்னும் வேடிக்கை. கோடையில் தேவை 270 ஜிகாவாட்டைத் தாண்டும் என்று எதிர்பார்த்தார்கள். கேரளத்தில் பருவமழை மே 24ஆம் தேதியே வந்துவிட்டது, 2009க்குப் பிறகு அவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. மே கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்கன்றே வாங்கி விற்கும் நிகழ்நேரச் சந்தையில் விலை பூஜ்யத்துக்கே போனது. ஜூனில் வந்த உச்சமும் 243 ஜிகாவாட்டோடு நின்றது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. ஒன்று, பருவநிலை மாறுகிறது என்பதால் விலை வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகும் என்று நினைக்காதீர்கள். ஊசலாட்டம் பெரிதாகிறது, இரண்டு பக்கமும். அதனால் 4.47 மேல் ஒரு பத்து சதவீதத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு பருவநிலையைச் சேர்த்துவிட்டேன் என்பது எந்த விதத்திலும் உதவாது. இரண்டாவது, வெயில் தனியாக விலையை ஏற்றுவதில்லை, எரிபொருள் கையிருப்பு மெலிந்திருக்கும் நேரத்தில் வரும் வெயில்தான் ஏற்றுகிறது. மத்திய மின்சார ஆணையம் ஒவ்வொரு நிலையத்திலும் எவ்வளவு நிலக்கரி இருக்கிறது என்று தினமும் வெளியிடுகிறது. வானிலைச் செய்தியைவிட அதை முதலில் பாருங்கள்.

வெளிநாட்டில் நடந்தது ஒன்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம், 2021 பிப்ரவரி. அங்கே எதிரி வெயில் இல்லை, உறைபனி. எரிவாயுக் கிணறுகள் உறைந்தன, எரிவாயு இல்லாமல் மின் நிலையங்கள் நின்றன, கரண்ட் போனதால் எரிவாயுவை அழுத்தி அனுப்பும் இயந்திரங்களும் நின்றன, ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு விழுந்தது. மொத்த விலை வரம்பு அங்கே மெகாவாட் மணிக்கு 9,000 டாலர், அதாவது யூனிட் 9 டாலர். நாட்கணக்கில் அங்கேயே நின்றது. மாசம் 10 டாலர் சந்தா வாங்கிக்கொண்டு மொத்த விலைக்கே வீடுகளுக்குக் கரண்ட் கொடுத்த கிரிட்டி என்ற கம்பெனிக்குச் சுமார் 29,000 வாடிக்கையாளர்கள். மற்ற நாட்களில் அவர்களுக்கு மலிவுதான், சராசரி அவர்களுக்கும் அழகாகத்தான் இருந்தது. அந்த ஒரு வாரத்தில் ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தவர்கள் உண்டு. கம்பெனி மார்ச்சில் திவாலானது. அரசுக் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். நம் ஊரில் வரம்பு 10 ரூபாய் என்பதால் பில் அப்படி வராது, ஆனால் கேட்ட கரண்ட் கிடைக்காமல் போவது இங்கேயும் நடக்கும்.

இனி உங்கள் மில்லுக்கு வருவோம். உங்கள் காற்றாலைக் கணக்கை மாச வாரியாக எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? நம் பக்கம் காற்று சீசன் மே பாதியில் தொடங்கிச் செப்டம்பர் வரை. பிப்ரவரி கடைசி முதல் மே தொடக்கம் வரை காற்று படுத்துவிடும். தமிழ்நாட்டின் தேவை உச்சம் தொடுவது சரியாக அந்த நேரத்தில்தான், எக்ஸ்சேஞ்ச் சாயங்கால விலை ஏறுவதும் அப்போதுதான். போதாததற்கு உங்கள் மில்லின் சொந்த இழுப்பும் அந்த மாசங்களில் கூடும், காற்று சூடாகவும் வறட்சியாகவும் இருந்தால் நூல் அறுபடாமல் இருக்க, மில்லுக்குள் ஈரப்பதம் காக்கும் ஹியூமிடிபிகேஷன் பிளாண்ட் விசிறியும் பம்பும் கூடுதலாக ஓடியாக வேண்டும். காற்று இல்லை, விலை அதிகம், உங்கள் தேவையும் அதிகம். இந்த மூன்றும் ஒரே சாயங்காலத்தில் சேர்ந்து வருவதைத்தான் நீங்கள் மூட வேண்டும்.

அதனால் ஒப்பந்தத்தைப் புதுப்பியுங்கள், ஆனால் முழுக்கக் காற்றாலையாக வேண்டாம். காற்றும் சோலாரும் கலந்து தருபவர்களிடம் பேசுங்கள். சோலார் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை நன்றாக வரும், காற்று விட்ட பகல் ஓட்டையை அது அடைக்கும். வருஷ உற்பத்தி இத்தனை என்று ஒரு எண் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், பத்து வருஷத்துக்கு மாச வாரியாகக் கேளுங்கள், அதில் மிக மோசமான வருஷத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். சொன்ன உற்பத்தி வராவிட்டால் அவர் என்ன ஈடு தருவார் என்பது எழுத்தில் வர வேண்டும். கேப்டிவ் என்பதால் 26 சதவீதப் பங்கும், வருஷ உற்பத்தியில் 51 சதவீதம் பங்குதாரர்களே பயன்படுத்துவதும் கட்டாயம் என்பது உங்களுக்குத் தெரியும், சோலாரைச் சேர்க்கும்போது அந்தக் கணக்கு மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் 1,500 கிலோவாட்டில் 1,000க்குக் குறையாமல் நிலையான விலையில் இருக்கட்டும், கேப்டிவோ ஈபியோ.

மீதி 400, 500 கிலோவாட்டுக்கு எக்ஸ்சேஞ்ச் நல்ல இடம். பகல் பத்து மணியிலிருந்து நாலு மணி வரைக்கும், மழைக்காலத்திலும் தாராளமாக வாங்குங்கள். என்ன விலை ஆனாலும் வாங்கு என்று கேட்காமல் ஒவ்வொரு துண்டுக்கும் உச்ச விலை போட்டுக் கேளுங்கள். எக்ஸ்சேஞ்ச் விலையோடு டிரான்ஸ்மிஷன் சார்ஜ், லைன் இழப்பு, வீலிங் (ஈபி லைனைப் பயன்படுத்துவதற்கான கட்டணம்), கிராஸ் சப்சிடி சர்சார்ஜ் (வெளியே வாங்குவதால் ஈபிக்கு ஈடாகக் கட்டுவது) எல்லாம் சேர்த்து மில் வாசலுக்கு வரும் விலை, அந்த நேரத்து ஈபி விலையைத் தாண்டினால் வேண்டாம் என்று விட்டுவிடலாம். அந்தத் துண்டில் ஈபியிலிருந்து எடுத்துக்கொள்வீர்கள். டிமாண்ட் கையில் இருந்தால்தான் இப்படி வேண்டாம் என்று சொல்ல முடியும்.

சாயங்கால ஓட்டைக்குப் பிப்ரவரி கடைசியிலேயே முடிவு எடுக்க வேண்டும். வானிலைத் துறை மார்ச் முதல் மே வரைக்குமான வெப்பக் கணிப்பை அப்போது வெளியிடும், பருவமழைக் கணிப்பு ஏப்ரல் பாதியில் வரும். வெப்பம் கூடும் என்று வந்து, நிலக்கரிக் கையிருப்பும் குறைவாக இருந்தால், மார்ச் முதல் மே வரைக்கும் சாயங்கால மணிகளுக்கு மட்டும் முன்கூட்டியே விலை பேசி வாங்கிவிடுங்கள், எக்ஸ்சேஞ்சிலேயே மூன்று மாசம் வரைக்குமான முன்பேர ஒப்பந்தங்கள் இருக்கின்றன. கொஞ்சம் விலை கூடத்தான் இருக்கும். கோடை இதமாகப் போனால் வீணாகக் கொடுத்தோமே என்று தோன்றும், பரவாயில்லை.

2025 ஜூலையிலிருந்து எம்சிஎக்ஸ், என்எஸ்இ என்ற வணிகச் சந்தைகளில் மின்சார பியூச்சர்ஸ், அதாவது வரும் மாச விலைக்கு இப்போதே போடும் ஒப்பந்தம், வந்திருக்கிறது, புரோக்கர் அடுத்து அதைப் பற்றிப் பேசுவார். ஒரு லாட் 50,000 யூனிட், உங்கள் மாசத் தேவை சுமார் 10 லட்சத்து 80 ஆயிரம், அதாவது இருபது லாட்டுக்கு மேல். அது மாசச் சராசரி விலையை வைத்துத் தீர்வது. 2022 ஏப்ரல் மாதிரி மாசம் முழுக்க விலை ஏறினால் உதவும். நண்பகல் 2 ரூபாய், சாயங்காலம் 10 ரூபாய் என்று ஆடும் மாசத்தில் உங்கள் சாயங்கால நஷ்டத்தை அது ஈடு செய்யாது. விலை மாறுவதற்கு ஏற்பத் தினமும் மார்ஜின் என்ற பிணைப் பணம் கட்ட வேண்டி வரலாம், பஞ்சு வாங்கும் பணத்திலிருந்து அதை எடுக்க நேர்ந்தால் சிக்கல். ஒரு வருஷம் பார்த்துவிட்டு யோசியுங்கள்.

காசு செலவில்லாத ஒரு வழியும் இருக்கிறது. வருஷாந்திர ஓவர்ஹாலிங்கை ஏப்ரல் மாசத்துக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள், பிரிவு பிரிவாக. எந்த இயந்திரத்தை எப்படியும் நிறுத்தப் போகிறீர்களோ, அதை விலை ஏறும் சாயங்காலங்களில் நிறுத்துங்கள்.

புயல், வெள்ளம் தனிக் கணக்கு, அதற்கு எந்த ஒப்பந்தமும் உதவாது. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்களைச் சாய்த்தது. 2023 டிசம்பரில் தென்மாவட்ட வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தபோது தூத்துக்குடி அனல் மின் நிலையத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. அந்த நாட்களுக்கு டீசல் ஜெனரேட்டர்தான், அதை நல்ல நிலையில் வைத்திருங்கள்.

கடைசியாக, புரோக்கரிடம் ஒரு வேலை கொடுங்கள். உங்கள் மீட்டரில் 15 நிமிஷத்துக்கு ஒரு பதிவு இருக்கிறது, எக்ஸ்சேஞ்ச் தளத்தில் பழைய விலைகளும் 15 நிமிஷ வாரியாக யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி இருக்கின்றன. சராசரியைக் காட்ட வேண்டாம், 2022 மார்ச் ஏப்ரல், 2023 ஆகஸ்ட், 2024 மே, 2025 மே இந்த மாசங்களில் உங்கள் மில் முழுக்க எக்ஸ்சேஞ்சில் ஓடியிருந்தால் பில் என்ன வந்திருக்கும், கேட்டதில் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று போட்டுத் தரச் சொல்லுங்கள். ஒரு நாள் வேலை. செய்து தந்தால் அவரோடு அந்த 400 கிலோவாட்டுக்குப் பேசலாம். டிமாண்டைக் குறைக்கும் விண்ணப்பத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள், மறுபடி ஏற்ற வேண்டுமென்றால் புது விண்ணப்பம், லைனிலும் டிரான்ஸ்பார்மரிலும் இடம் இருக்கிறதா என்ற ஆய்வு என்று மாசக்கணக்கில் இழுக்கும்.